எந்தப் பாவம்?

காலையிலிருந்தே இசைவாணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடவாசலுக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய அந்தச் சர்ச் மைதானத்தில் அவள் செய்ய வேண்டிய வேலை எதுவும் பாக்கியில்லை. திரை கட்டியாயிற்று. புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் சொன்ன பேச்சைக் கேட்டன. சம்பா நடவு முடிந்து, குளித்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஜனங்கள் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவள் வயரை மிதித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தாள். கிழக்கே மழை கட்டிக்கொண்டு நின்றது. அது பெய்து தொலைத்தால் தேவலை, படத்தைத் தள்ளிப் போடலாம் என்று நினைத்தாள். நினைத்த பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மாதக்கணக்கில் உழைத்த படம் ஓடக்கூடாது என்று எந்தப் பைத்தியக்காரி நினைப்பாள்?

தஞ்சாவூரில் இருக்கும் மிஷன் ஆபீஸின் தகவல் தொடர்புப் பிரிவில் அவளுக்கு வேலை. மிஷன் தான்சானியாவுக்கு ஒரு சின்னக் குழுவை அனுப்பியிருந்தது. அவர்கள் அங்கே ஏரிக்கரைக் கிராமங்களில் மருத்துவப் படகோடு சுற்றி, கண்டதையும் கேட்டதையும் படம் பிடித்து அனுப்புவார்கள். எலியா என்ற உள்ளூர்ப் பையன் பேச்சை ஆங்கிலத்தில் எழுதிக் கூடவே அனுப்புவான். அதைத் தமிழாக்கிக் குரல் கொடுப்பது இசைவாணி. பெண்குரல் எல்லாம் அவள்தான். விக்டோரியா ஏரிக்கரைத் தாய்மார் எத்தனையோ பேர் டெல்டா முழுக்கப் பேசியிருக்கிறார்கள், எல்லோரும் குடவாசல் பக்கத்துக் குரலில்.

கேமரா பிடிப்பவன் பகலவன். அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

பகலவன், இசைவாணி என்று பேர் வைத்தது அப்பா. செங்கொடி பிடித்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர், சாமி கும்பிடாதவர். அம்மா காத்தாயி பிள்ளைகளைச் சர்ச்சுக்குக் கூட்டிப் போனபோது, ஞானஸ்நானத்துக்கு வேறு பேர் வைக்கலாமே என்று அப்போதைய போதகர் சொல்லிப் பார்த்தார். “பேரைத் தொட்டீங்கன்னா புள்ளைங்க இந்தப் பக்கமே வராது” என்றார் அப்பா. பேர் தப்பியது. அப்பா போய் வெகுகாலம். இந்தச் சித்திரையில் அம்மாவும் போய்விட்டாள். அடக்கத்துக்குப் பகலவன் வரவில்லை.

மழை, பாதை அறுந்துவிட்டது என்று போனில் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். இசைவாணி கேட்கவில்லை. “ஊருக்கெல்லாம் ஊழியம் பண்ணு. பெத்தவளுக்கு ஒரு புடி மண்ணு போட ஒனக்கு வழி கெடைக்கல, இல்ல?” என்று வைத்தவள்தான். அதன் பிறகு அக்கா தம்பிக்கு நடுவில் ஆபீஸ் மின்னஞ்சல் மட்டும் ஓடியது. ‘திரு. பகலவன் அவர்களுக்கு’ என்று இவள் ஆரம்பிப்பாள். ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்று அவன் முடிப்பான். கோபத்தில்கூட இந்தக் குடும்பத்துக்கு எழுத்துப் பிழை வராது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஆறப்போட்ட பேச்சும் அப்படித்தான், நாளாக ஆக எடுத்து வாயில் வைக்க முடிவதில்லை.

இன்றைக்குக் காட்டப் போகும் படம் நீமா என்ற பெண்ணைப் பற்றியது. கிசேரா என்ற கிராமத்தில் அவள் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஏரியில் காற்று, படகு வரவில்லை, குழந்தை போய்விட்டது. இதையெல்லாம் நீமா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கேமராவைப் பார்த்துச் சொன்னாள். வந்த துண்டுகளில் கடைசித் துண்டில் மட்டும்தான் அழுதாள். அழுதுகொண்டே கையை முன்னால் நீட்டி, “போலே… போலே சானா, காக்கா” என்றாள். எலியாவின் தாளில் அதற்கு நேரே ‘சாரி பிரதர், வெரி சாரி’ என்று இருந்தது.

இசைவாணி அந்த முகத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற முகமாக அது படவில்லை. சாவு வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்ளும் பெண்களிடம் அவள் பார்த்த முகம் அது. ‘ஐயோ பாவம், தம்பி’ என்று எழுதிக்கொண்டு போய் ஆபீஸில் தன் பிரிவின் இயக்குநரிடம் காட்டினாள்.

இயக்குநர் ஞானாதிக்கம் நல்ல மனுஷர். ஊழியத்துக்கென்று உயிரை விடுபவர். ஆனால் எந்தச் சொல்லைக் கண்டாலும் அதில் பிரசங்கத்தைக் கண்டுவிடுவார்.

“தம்பியா? படத்துல தம்பியே இல்லையேம்மா. பிரதர்னா ‘சகோதரரே’. சபையைப் பாத்துச் சொல்றா. நீயே பாவம்னு எழுதியிருக்க பாரு, அதுதான் விஷயம். பாவத்தை அறிக்கை பண்றா.”

“இல்லைங்கய்யா, நான் எழுதினது ஐயோ பாவம்…”

“ஐயோவை எடுத்துடு. விசுவாசிங்க ஐயோன்னு சொல்ல வேணாம்.”

ஐயோ போனது, தம்பி போனான். ‘நான் பாவி, சகோதரரே. என்னை மன்னியுங்கள்’ என்று நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இசைவாணிக்கு அது சரியில்லை என்று உள்ளுக்குள் அரித்தது. பகலவனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். போடவில்லை. வீம்பு. ஸ்டுடியோவில் உட்கார்ந்து, தொண்டையைக் கொஞ்சம் உடைத்துக்கொண்டு, அவளே அந்த வரியைப் பேசினாள். ஒரே தடவையில் சரியாக வந்தது. சவுண்டு பார்க்கிற பையன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த இடத்தை மட்டும் வெட்டி முன்னோட்டமாக யூடியூபிலும் போட்டார்கள். அன்று பிடித்த அரிப்புத்தான், இன்று மைதானத்தில் அவளை உட்கார விடாமல் அடித்தது.

நாலு மணி வாக்கில் போன் வந்தது. முன்னோட்டத்தின் அடியில் தொடர்புக்கு என்று போட்டிருந்தது அவள் நம்பர்தான்.

“மிஷன் ஆபீஸுங்களா? நான் அதிராம்பட்டினத்துலேர்ந்து உபைதுல்லா பேசுறேன். தான்சானியாவுல, முவான்சாவுல நமக்கு யாவாரம். லீவுல வந்திருக்கேன். கிசேரான்னு பேரு போட்டிருக்கவும் ஒங்க படத்தைத் தொறந்து பாத்தேன். தப்பா நெனைக்காதீங்க, அந்தப் பொண்ணு சொல்றது ஒண்ணு, நீங்க போட்டிருக்கிறது ஒண்ணு.”

இசைவாணி நடப்பதை நிறுத்தினாள். “சொல்லுங்க.”

“போலேன்னா அங்க மன்னிப்பு இல்லீங்க. ஒருத்தன் கல்லு தடுக்கி விழுந்தா, பாக்குறவன் போலேம்பான். காய்ச்சல்னு படுத்தா போலே. மவுத்தான வூட்டுல துக்கம் கேக்கவும் போலேதான். நம்ம சொல்ற பாவம்ங்க அது.”

“பாவம்னுதானே நாங்களும்…”

“எந்தப் பாவம்? ஐயோ போட்ட பாவமா, ஐயோ போடாத பாவமா?”

அந்த மனுஷர் விடாமல் பேசினார். “அப்புறம் அந்தக் காக்கா. எங்க ஊருல அண்ணனைக் காக்காம்போம், கேட்டிருப்பீங்க. அங்கயும் கூடப்பொறந்தவன்தான் காக்கா. சபையும் இல்ல, கூட்டமும் இல்ல. எதுத்தாப்புல கேமரா புடிச்சிக்கிட்டு நின்னான் பாருங்க, பகலவன்னு ஒரு பையன், அவனைச் சொல்றா. அவன் அம்மா செத்ததுக்குத் துக்கம் கேக்குறா. அவனே என்கிட்ட சொல்லியிருக்கான்.”

மைதானத்து வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டாள் இசைவாணி.

“நல்ல பையன்ங்க. அம்மா மவுத்துன்னு சேதி வந்ததும் கெளம்பிட்டான். மழையில பாலம் போச்சு. ஒரு லாரிக்காரன் காலுல விழுந்து ஏறி, அந்த லாரியும் சேத்துல எறங்கி, ரெண்டு நாளு அதுக்குள்ளயே கெடந்திருக்கான். ப்ளேன் ஏற முவான்சா வந்து சேரையில இங்க அடக்கமே முடிஞ்சிடுச்சு. என் கடையில ஒக்காந்து சின்னப் புள்ளையாட்டம் அழுதான். அவனுக்கு ஒரு அக்கா இருக்காம். ஒங்க ஆபீஸுலதான் எங்கயோ இருக்காம். அதுலேர்ந்து பேசுறதே இல்லையாம். என்ன பொம்பளைங்க அது! தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க, அதுக்கு அதுகூட ஆடல பாருங்க.”

“ஆமாங்க” என்றாள் இசைவாணி.

“அதை விடுங்க, அது அவங்க குடும்பம். நான் போன் போட்டது எதுக்குன்னா, அந்த நீமாவோட மாமியா வூட்டுல, இவ அசட்டையா இருந்துதான் புள்ளை போச்சுன்னு ஏற்கெனவே பேச்சு. அந்த மாமியா என் கடைக்குச் சாமான் வாங்க வர்றவ. கடையில நிக்கிற பயலுவ எல்லாம் நம்ம ஊருப் பயலுவ. படத்தைப் பாத்துட்டு, ‘ஒன் மருமவளே ஒத்துக்கிட்டா’ன்னு எவனாவது வெளையாட்டுக்குச் சொன்னாப் போதும், அவ பொழப்புப் போச்சு. எடுத்துடுங்கம்மா. நீங்க யாருன்னு கேக்கலையே?”

“நான்… குரல் குடுக்குறவங்க.”

போனை வைத்ததும் முதல் வேலையாக முன்னோட்டத்தை எடுத்தாள். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குள் போய், வெட்டாத மூலத் துண்டைத் திறந்து காதில் ஹெட்போனை மாட்டினாள். மைக் நீமாவின் சட்டையில் இருந்ததால் எதிரில் நின்றவன் குரல் முணுமுணுப்பாகத்தான் இருந்தது. சத்தத்தை ஏற்றினாள். காற்றிரைச்சலுக்கு நடுவில் தம்பி. “மாமா யாங்கு…” என்றான். மாமா என்றால் அங்கே அம்மா என்பது அவளுக்கு முன்பே தெரியும். நீமாவைத்தான் மரியாதைக்கு அம்மா என்று கூப்பிடுகிறான் என்று அன்று விட்டுவிட்டாள். நீமா ஏதோ கேட்டாள். அவன் ஒரு சொல்லில் பதில் சொன்னான். நீமா அந்தச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

“கத்தாயி.”

எலியாவின் தாளில் அந்தச் சொல் இல்லை. சுவாஹிலியில் ஏதோ என்று, முன்னும் பின்னும் அளந்து அதை வெட்டி எறிந்தவள் இசைவாணியேதான். பெற்றவள் பெயர் காதில் விழுந்தும் தெரியாமல் வெட்டியிருக்கிறாள்.

“கத்தாயி… போலே, போலே சானா, காக்கா” என்று நீமா அழுதாள். தன் பிள்ளைக்கு அழாதவள், பார்த்தறியாத ஒருத்திக்காக, குடவாசலில் நடவு நட்டுச் செத்தவளுக்காக அழுதாள். காற்றிரைச்சலுக்குள் பகலவனும் அழுதான். அதற்குத்தான் ‘நான் பாவி’ என்று குரல் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது இசைவாணிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. சித்திரையில் அடக்கத்தன்று வராத அழுகை, சர்ச் பெஞ்சில் தலையைக் கவிழ்த்ததும் வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, வாய்க்கால் ஓரம் நின்ற ஞானாதிக்கத்திடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இப்ப வந்து சொல்றியேம்மா. ஜனங்க உருகுற எடமே அதுதானே. அந்த ஒரு வரிக்குத்தான் நாலு பேரு எழுந்து நானும் ஊழியத்துக்குப் போறேன்னு வருவான். அர்த்தத்துல என்ன பெரிய தப்பு? யாரு பாவி இல்ல, சொல்லு. அவ வாயால சொல்லலைன்னா பாவி இல்லாமப் போயிடுவாளா?”

“எல்லாரும் பாவிதாங்கய்யா. நானும்தான். நான் பாவின்னு நான் சொல்லிக்கிறேன். அவ சொல்லாததை அவ வாயில வைக்க வேணாம்.”

“படம் நேரலையில வேற போவுது. ஒரு எடம் ஊமையா ஓடினா மானம் போயிடும்.”

“அந்த எடத்துல நான் மைக்ல பேசிடுறேன்.”

“ஓடுற படத்துல குறுக்க பேசுவியா? இதென்ன பாவைக்கூத்தா?”

“அந்த வரியோட இதை ஓட்டணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்கய்யா. நான் இப்பவே பஸ் ஏறிடுறேன். முன்னோட்டத்தை ஏற்கெனவே எடுத்துட்டேன்.”

இந்த வேலையை விட்டால் வேறு வேலை என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஞானாதிக்கம் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒன் தம்பி இவ்வளவையும் ஏன் சொல்லல?” என்றார்.

“நான் கேக்கல, ஐயா.”

“என்னவோ பண்ணு. ஆனா என்னை மேடையில கூப்பிடாத” என்று சொல்லிவிட்டு, அவரே போய் ஒரு மைக்கை எடுத்து, ஊதிப் பார்த்து, கடைசி வரிசைக்கு அருகில் லேப்டாப் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இசைவாணி கடைசித் துண்டில் தன் குரலை எடுத்துவிட்டு, வெட்டாத மூலத்தை அப்படியே சேர்த்தாள்.

மழை பெய்யவில்லை. மைதானம் நிரம்பிவிட்டது. நாற்றுமுடி சுமந்த தோளோடு ஆண்களும், சேற்றுப்புண்ணுக்கு மருந்து தடவிய காலோடு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் அம்மாவோடு ஒரே வரப்பில் நின்றவர்கள். படம் ஓடியது. ஏரியும் படகும் நீமாவும் வந்தார்கள். நீமாவின் பிள்ளை போன கதையை இசைவாணியின் பதிவுக் குரல் சொன்னபோது கூட்டம் ‘உச்’ கொட்டியது. மேசையருகே இசைவாணி லேப்டாப்பில் விரலை வைத்தபடி நின்றாள். கடைசித் துண்டு வந்தது. தமிழ்க்குரல் நின்றது. நீமா தன் சொந்தக் குரலில் அழுதாள்.

“கத்தாயி… போலே சானா, காக்கா.”

இசைவாணி மைக்கை எடுத்தாள். “இந்தம்மா இப்ப பேசுறது ஒங்களைப் பாத்து இல்ல” என்றாள். எழுதி வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. “கேமரா புடிக்கிற என் தம்பியைப் பாத்து. அவன், எங்கம்மா செத்துட்டா, போவ முடியலன்னு சொல்றான். பேரு என்னன்னு கேக்குறாங்க. காத்தாயின்னு சொல்றான். அதுக்கு அவங்க, ஐயோ பாவம் தம்பி, ஐயோ பாவம்ங்கறாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல.”

திரையில் நீமா உறைந்து நின்றாள். இசைவாணி படத்தை நிறுத்தியிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இருட்டில் பெண்கள் பக்கம் சலசலத்தது. சற்குணம் எழுந்து நின்றாள். காத்தாயியோடு காலமெல்லாம் சோடி சேர்ந்து நடவு நட்டவள், வாய்க்காலுக்கு அந்தக் கரையில் கேட்கிற தொண்டை.

“யாரு, நம்ம காத்தாயி மவனா? அவளை நெனைச்சா அந்தப் பொண்ணு அழுவுது?”

“ஆமா சின்னம்மா.”

“ஐயோ பாவம்டி” என்றாள் சற்குணம். “ரெண்டும் பாவம்டி. புள்ளையப் பறிகுடுத்தவளும் பாவம், அம்மாவப் பறிகுடுத்தவனும் பாவம். கண்காணாத சீமையில ஒண்டியா கெடந்து அழுவுதே அது. எப்புடி இருக்கான் இப்ப? நல்லா சாப்புடுறானா?”

இசைவாணி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். பிறகு கீழே இறக்கினாள்.

“கேக்குறேன்ல? நேத்து முந்தாநேத்து பேசினியா, இல்லையா?”

“இல்ல.”

“எப்பப் பேசின?”

அது ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கும் என்று தெரிந்தும் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. “அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு” என்றாள்.

வசவு வரும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். வசவு வரவில்லை. “போடுடி போனை” என்றாள் சற்குணம், சேற்றில் நாற்று நடச் சொல்வதைப் போல. ஆண்கள் பக்கத்திலிருந்தும் யாரோ “போடும்மா” என்றார்கள். முன்வரிசையில் ஞானாதிக்கம் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தாள். அவர் நேரலைக்காரரிடம் கையைக் காட்டி அதை நிறுத்தச் சொன்னார்.

போட்டாள். அங்கே இன்னும் வெயில் இருக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான், எடுக்க வேண்டாம், எடுத்தால் என்ன பேசுவது என்று அவள் நினைக்கும்போதே எடுத்துவிட்டான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவன் குரல் மைதானம் முழுக்க வந்தது. அடையாளம் தெரியாத அளவுக்குப் பயந்த குரல்.

“அக்கா? என்னக்கா? இப்ப யாருக்கா?”

யார் செத்தது என்று கேட்கிறான். அக்காவின் போன் என்றாலே அவனுக்கு அப்படி ஆகிவிட்டது.

விதவிதமான தாய்மாருக்குக் குரல் கொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் குரல் வரவில்லை. “அக்கா, சொல்லுக்கா, யாரு?” என்று அவன் பதறினான்.

“யாரும் இல்லடா” என்றாள் இசைவாணி. “யாருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மாதான்டா போட்டேன்.”